வேலைக்குப் போய்க்கொண்டே படம் வரைகிறவர்கள், ஓவியக் காட்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பணம் போனதுகூடப் பரவாயில்லை, ஒரு படம் கெட்டுப்போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 11 வருடமாக ஆயில் பெயின்ட்டில் வரைகிறேன். இரவு ஒன்பதரைக்கு மேல் ஒரு ஒன்றரை மணி நேரம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலை, எனக்குக் கிடைப்பது இவ்வளவுதான். ஒரு படம் முடிய நான்கு மாதம்கூட ஆகிவிடும். இப்படி வரைகிறவர்களுக்குத் தெரியும், படம் சேர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது, யாரைப் போய்ப் பார்ப்பது என்று அலைய நேரம் இருக்காது. கேலரிகள் திறந்திருக்கும் நேரம் முழுக்க நாம் அலுவலகத்தில் இருப்போம்.

அந்த நேரத்தில்தான், ஓவியக் காட்சி நடத்துகிறோம் என்று சொன்ன சிலரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "உங்கள் படைப்புகளைப் பார்த்தோம், எங்கள் க்யூரேட்டர் குழு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது" என்று. க்யூரேட்டர் என்றால் காட்சிக்குப் படங்களைத் தேர்வு செய்கிறவர். எந்தப் படத்தைப் பார்த்தார்கள் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டாவது செய்தியிலேயே, "மேடம், நீங்க முழுநேர ஆர்ட்டிஸ்டா, இல்ல வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டார்கள். அக்கறையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்து, எங்கே வேலை, எத்தனை மணிக்கு வீடு திரும்புவேன் என்பது வரை சொன்னேன். மாதச் சம்பளம் வருகிறது, பகலில் நேரில் வந்து பார்க்க முடியாது. இந்த இரண்டையும் நானே என் வாயால் சொல்லிவிட்டேன்.

முதலில் பங்கேற்புக் கட்டணம் மட்டும்தான் என்றார்கள். கட்டிய பிறகு கேட்டலாக்கில் பக்கத்துக்குத் தனி, காப்பீட்டுக்குத் தனி, படத்தைத் திருப்பி அனுப்பத் தனி என்று ஒவ்வொன்றாக வந்தது. மொத்தமாக என் ஒன்றரை மாதச் சம்பளம். நடுவில் ஒருமுறை தயங்கியபோது போனில் பேசியவர் ஹென்றி ரூசோவைப் பற்றிச் சொன்னார். பாரிஸில் சுங்கச் சாவடி வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர், அவரும் பணம் கட்டித்தான் காட்சியில் வைத்தார், இன்றைக்கு உலகமே கொண்டாடுகிறது என்று. ரூசோவைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும், என்னை மாதிரி ஆட்களுக்கு அவர் பெரிய ஆறுதல். அதனால் அந்தப் பேச்சில் விழுந்துவிட்டேன்.

பிறகுதான் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். ரூசோ வேலையில் இருந்தது உண்மை, 1893-ல்தான் அதை விட்டார். 1886-லிருந்து அவர் படம் வைத்த காட்சி, ஓவியர்களே 1884-ல் சேர்ந்து தொடங்கிய சங்கத்துடையது. அங்கே தேர்வுக்குழுவே கிடையாது, யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதுதான் அவர்கள் கொள்கை. செலவைப் பகிர்ந்துகொண்டார்கள், "உன்னைத் தேர்ந்தெடுத்தோம்" என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் நாலு ஓவியர்கள் சேர்ந்து ஹால் வாடகையைப் பங்கிட்டுக் காட்சி வைத்தால் அதில் ஒரு தப்பும் இல்லை, நானே அப்படிச் செய்திருக்கிறேன். தேர்வு என்ற பெயரைச் சொல்லி வாடகை வசூலிப்பதுதான் ஏமாற்று.

கணக்குப் பார்க்கிற எனக்கே இது உறைக்க நாளானது என்பதில் வருத்தம்தான். படத்தை விற்றுக்கொடுத்து அதில் கமிஷன் எடுக்கும் கேலரி, பெரும்பாலும் பாதி வரை எடுக்கும். அது அதிகமாகத் தோன்றும். ஆனால் படம் விற்றால்தான் அவர்களுக்கும் பணம் என்பதால் ஆட்களைக் கூப்பிடுவார்கள், வாங்கக்கூடியவர்களிடம் பேசுவார்கள், லைட்டைச் சரியாக வைப்பார்கள். நம்மிடமே முழுப் பணத்தையும் முன்னால் வாங்கிவிட்டவர்களுக்கு யாரும் வந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

காட்சித் தொடக்கம் வார நாளில் மதியம். லீவு கிடைக்கவில்லை. மறுநாள் அரை நாள் லீவு போட்டுப் போனேன், மணி ஒன்றரை இருக்கும், கதவு பூட்டியிருந்தது. வாசலில் இருந்த காவலாளி, "நேத்து ஒருநாள்தாம்மா தெறந்தாங்க, எல்லாரும் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார். ஐந்து நாள் காட்சி என்றுதான் எழுதித் தந்திருந்தார்கள். அவரே பாவம் பார்த்துத் திறந்துவிட்டார். 60 பேருக்கு மேல் படங்கள், மேலும் கீழுமாக நெருக்கி மாட்டியிருந்தார்கள். என்னுடைய மூன்றில் இரண்டு, படிக்கட்டுக்குப் போகிற வழியில். ஒன்றின் கீழே வேறு யாருடைய பெயரோ இருந்தது. விலைப்பட்டியல் என்று ஒன்றுமே இல்லை. அங்கே நின்றுகொண்டிருந்தபோது இரவுப் பணி முடித்துத் தூங்காமல் நேராக வந்திருந்த ஒரு நர்ஸைப் பார்த்தேன். களிமண் சிற்பம் செய்கிறவர். அவரிடமும் அதே கேள்விதான் கேட்டிருக்கிறார்கள், வேலைக்குப் போறீங்களா என்று.

இனி அந்தப் படம். மூன்றில் ஒன்று முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆயில் பெயின்ட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தாலும் உள்ளே இளகித்தான் இருக்கும், அதனால்தான் கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை பொறுக்கச் சொல்வார்கள். இதைச் சொல்லி, படத்தின் முன்பக்கத்தில் எதுவும் படாமல் பெட்டியில் வைத்து அனுப்புங்கள் என்று எழுத்தில் கேட்டிருந்தேன். திரும்பி வந்தபோது பபிள் ராப்பை நேராகப் படத்தின் மேலேயே, குமிழ்கள் உள்பக்கம் பார்க்கச் சுற்றி, அதன்மேல் இன்னொருவர் படத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பிரித்தால் வானம் முழுக்க வட்டவட்டமாகத் தடம். அந்த வானத்துக்கு மட்டும் 19 இரவுகள் ஆனது எனக்கு. காப்பீடு கேட்டேன். பாலிசி எண் கொடுங்கள் என்றதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஒப்பந்தத்தை அப்புறம்தான் வரிவரியாகப் படித்தேன். ஏழாவது பக்கத்தில், படங்களின் பிம்பத்தை எந்தப் பொருளிலும் அச்சிட்டு விற்க அவர்களுக்குக் காலவரையின்றி உரிமை என்று இருந்தது. படம் வரைந்தவருக்குத்தான் பதிப்புரிமை, அது தானாகவே வருவது, கேன்வாஸை விற்றால்கூடப் பொதுவாக நம்மிடமே இருக்கும். ஆனால் நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? நான் இரவு பதினொன்றரைக்கு, தூக்கக் கலக்கத்தில், மொபைலில் கையெழுத்துப் போட்டேன். தயவுசெய்து நீங்கள் அப்படிப் போடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைய முடியாமல் போனாலும் பரவாயில்லை, அந்த நேரத்தை ஒப்பந்தத்துக்குக் கொடுங்கள். முடிந்தால் அவர்கள் நடத்தும் வேறு காட்சிக்கு முன்கூட்டிச் சொல்லாமல், தொடக்க நாள் அல்லாத ஒரு நாளில் போய்ப் பாருங்கள், கதவு திறந்திருக்கிறதா என்று. ஏற்கெனவே பங்கேற்றவர்களில் அவர்கள் சொல்லும் ஆளிடம் கேட்காமல் நீங்களே இரண்டு பேரைக் கண்டுபிடித்து, ஏதாவது விற்றதா, படம் எப்படித் திரும்பி வந்தது என்று கேளுங்கள். படத்தைக் கொடுக்கும்போது முன்னும் பின்னும் ஓரங்களும் தெரியப் போட்டோ எடுத்து, நிலை இன்னது என்று எழுதி, வாங்கிக்கொள்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நான் இதைச் செய்யாததால்தான், "தடம் முன்னாடியே இருந்துச்சு மேடம்" என்று அவர்களால் கடைசியாக ஒரு பதில் அனுப்ப முடிந்தது.

மூன்று கடிதம் எழுதிவிட்டேன், பணமும் வரவில்லை, பிம்ப உரிமையை விட்டுக்கொடுப்பதாகவும் எழுதித் தரவில்லை. போன வாரம் அந்த நர்ஸ் கூப்பிட்டார். அவருடன் வேலை பார்க்கும் ஒரு பெண் வாட்டர்கலர் செய்வாராம், அவருக்கு வேறொரு பெயரில், அதே வாசகத்தோடு அழைப்பு வந்திருக்கிறது. காட்சி எந்தெந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை திறந்திருக்கும், காப்பீட்டின் பாலிசி எண் என்ன, இதை மட்டும் எழுத்தில் கேட்கச் சொன்னோம். கேட்டு எட்டு நாள் ஆகிறது, இன்னும் பதில் வரவில்லை.