கால் நீட்டும் சிகிச்சை: மதுரையில் அறையா, தங்கச்சிமடத்து வீடா, ராமநாதபுரமா?

தங்கச்சி மகனுக்கு பைக் விபத்துக்குப் பிறகு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு 4 செ.மீ. குட்டையாகிவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்து எலும்புக்குள் கம்பிகள் கோத்து, அவற்றைப் பிடித்திருக்கும் ரிங்கைக் காலைச் சுற்றி மாட்டினார்கள். டிஸ்சார்ஜ் தேதி சொன்ன அன்றைக்குத்தான் பெரிய கேள்வியே வந்தது: இனிமேல் பையனை எங்கே வைத்துப் பார்ப்பது? மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை, ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் சொந்த வீடு, ராமநாதபுரம் டவுனில் சித்தி வீடு என்று மூன்று வழி இருந்தது. மூன்றிலுமே இருந்து பார்த்துவிட்டோம்.

முதலில் சிகிச்சையைப் புரிந்துகொள்ள வேண்டும். எலும்பை அறுத்துவிட்டு ஒரு வாரம் போலச் சும்மா விடுவார்கள், பிறகு நாளைக்கு 1 மி.மீ., அதையும் 0.25 மி.மீ. வீதம் நான்கு வேளை நட்டைத் திருகி விலக்க வேண்டும், விலகிய இடைவெளியில் புது எலும்பு ஊறி வரும். சைபீரியாவின் குர்கான் நகரில் டாக்டர் இலிசாரோவ் 1950களில் உருவாக்கிய முறை இது. 4 செ.மீ.க்குக் கணக்குப்படி 40 நாள் திருகல். ஆனால் அந்தப் புது எலும்பு இறுகுவதற்கு அதைவிட இரண்டு மூன்று மடங்கு நாள் ஆகும், எங்களிடம் மொத்தம் ஆறு மாதம் வரை சொன்னார்கள். திருகும் காலம், இறுகும் காலம் என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எங்கே இருப்பது என்பதற்குப் பதில் கிடைக்கும்.

நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. “மாமா, வீட்டுக்கே போயிரலாம் மாமா” என்று பையன் அழுதான், நேராக வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வீட்டில் நல்லது இல்லாமல் இல்லை. அம்மா கையால் சாப்பாடு, முள்ளோடு மென்று சாப்பிட நெத்திலி, முட்டை, ராத்திரி நல்ல தூக்கம், எல்லாம் எலும்புக்கு வேண்டியதுதான். ஆனால் பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வந்தார். எலும்பை நட்டு நீட்டிவிடும், கெண்டைக்கால் சதையை நாம்தான் இழுத்து இழுத்து நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாதம் கீழ்நோக்கி இறங்கி குதிகால் தரையைத் தொடாமல் போய்விடும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம். வலிக்கிறது என்றவுடன் பயிற்சியை விட்டுவிட்டு, சுகமாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கு அடியில் தலையணையும் வைத்தோம். அந்தத் தலையணையை மட்டும் வைக்காதீர்கள், முழங்கால் மடங்கினபடியே இறுகிப்போகும். பன்னிரண்டாம் நாள் மதுரைக்குக் காட்டப் போனபோது பாதத்தை நேராக நிமிர்த்த முடியவில்லை. டாக்டர் திருகலை நாளைக்கு முக்கால் மி.மீ. ஆகக் குறைத்து, பக்கத்திலேயே தங்கச் சொல்லிவிட்டார்.

கடலோரத்துக்கே உரிய தொல்லைகளும் உண்டு. எங்கள் பக்கம் தண்ணீர் உப்பு, மணல் காற்று சொல்லவே வேண்டாம். கம்பி தோலுக்குள் நுழையும் ஒவ்வொரு துளையும் கிருமிக்கு வாசல்தான். கிணற்றுத் தண்ணீரைத் தொடாமல் சலைன் அல்லது கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரால்தான் துடைத்தோம், கடலில் கால் நனைக்கவே விடவில்லை. பார்க்க வருகிறவர்கள் வேறு. ஒருவர் கம்பியைத் தொட்டுப் பார்ப்பார், ஒருவர் எண்ணெய் போட்டு நீவச் சொல்லி நாட்டு வைத்தியரிடம் அழைப்பார். புது எலும்பு இருக்கும் இடத்தை நீவவே கூடாது. பெட்டிக்கடை நண்பர்கள் கொண்டுவரும் சிகரெட்டும் வாயில் அடக்கும் புகையிலையும் எலும்பு ஊறுவதைத் தடுக்கும். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் நாமாக வாங்கிக் கொடுப்பதும் அதே காரணத்தால் வேண்டாம் என்று எங்கள் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

மதுரை அறை வெக்கை, தனிமை, மாடிப்படி, கடைச் சாப்பாடு. வாடகையும் கையைக் கடித்தது. ஆனால் தினமும் பிசியோ, பத்து நாளைக்கு ஒரு எக்ஸ்ரே, எலும்பு ஊறும் வேகத்தைப் பார்த்துத் திருகலைக் கூட்டவோ குறைக்கவோ ஆள் பக்கத்திலேயே. ஒரு ராத்திரி ஒரு கம்பியைச் சுற்றிச் சிவந்து நீர் வடிந்தது, ஒரு மணி நேரத்தில் காட்டிவிட்டோம். தங்கச்சிமடமாக இருந்திருந்தால் 150 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். திருகும் காலத்துக்கு மதுரைதான், இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், மச்சான் கடலுக்குப் போகாததால் அந்த நாட்களில் பையனோடு மதுரையில் இருக்க முடிந்தது. வருமானம் இல்லாத மாதங்கள் என்பதால் வாடகையை முன்னாடியே சேர்த்து வைக்க வேண்டும்.

ரிங்குக்குப் பதில் எலும்புக்குள்ளேயே காந்த ஆணி வைத்து, வெளியிலிருந்து காந்தக் கருவியால் நீட்டும் முறையில் கம்பித் துளைத் தொல்லை கிடையாது, செலவு மிக அதிகம், எலும்பு இறுகும்வரை அந்தக் காலில் முழு எடை போடவும் பொதுவாக விடமாட்டார்கள். அதற்கும் பிசியோவும் எக்ஸ்ரேயும் இதே அளவுக்கு வேண்டும்.

ராமநாதபுரம் இடையில் நிற்கிறது. திருகல் முடிந்ததும் ஒரு மாதம் சித்தி வீட்டில் இருந்தோம். 2022 முதல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. எக்ஸ்ரேயை டவுனிலேயே எடுத்து வாட்ஸப்பில் மதுரைக்கு அனுப்பினோம், பிசியோவுக்கு ஆட்டோவில் போய்வந்தோம். இறுகும் காலத்தின் தொடக்கத்துக்கு இது நல்ல இடம். ஆனால் எங்கே இருந்தாலும், திருகும் நாட்களில் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போனாலோ கட்டைவிரலைத் தூக்க முடியாமல் போனாலோ, அடுத்த திருகலுக்கு முன்னால் ஆபரேஷன் செய்த டாக்டருக்கே போன் போட வேண்டும். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம். அப்போது மதுரை மதுரை என்று ஓடாமல் 108ஐக் கூப்பிட்டு அருகில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இப்போது பையன் தங்கச்சிமடத்தில்தான் இருக்கிறான். வெஸ்டர்ன் டாய்லெட் நாற்காலி வாங்கிப் போட்டோம், வாசல்படிக்குச் சிமெண்டில் சரிவு கட்டினோம். டாக்டர் சொன்ன அளவுக்கு அந்தக் காலில் எடை போட்டு நடப்பது எலும்பு இறுக உதவும் என்பதால், காலையிலும் சாயங்காலமும் ஊன்றுகோலோடு தெருமுனை வரை போய்வருகிறான். எக்ஸ்ரேயில் புது எலும்பின் நான்கு பக்கத்தில் மூன்று பக்கமாவது கெட்டியாகத் தெரிந்த பிறகுதான் ரிங்கைக் கழற்றுவார்களாம். போன வாரப் படத்தில் இரண்டு பக்கம் தெரிந்தது.