பேட்டரியைச் சேமிப்பதாகச் சொன்ன செயலியே அதைத் தின்றது

இரண்டு ஆண்டுகள் பழகிய என் ஆண்ட்ராய்டு கைபேசியில் மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துபோகத் தொடங்கியதால், விளம்பரத்தில் கண்ட ஒரு பேட்டரி சேமிப்புச் செயலியை நிறுவினேன். திறந்தவுடன், 23 செயலிகள் பேட்டரியை உறிஞ்சுவதாகச் சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. பொத்தானை அழுத்தியதும் 2 மணி 40 நிமிடம் கூடுதலாகக் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. சந்தேகத்தோடு மறு நிமிடமே மீண்டும் அழுத்தினேன். இன்னும் இரண்டு மணி நேரம் கூடியதாம். இந்தக் கணக்குப்படி விடிய விடிய அழுத்திக்கொண்டே இருந்தால் சார்ஜரே தேவைப்படாது.

அது செய்ததெல்லாம் பின்னணியில் இருந்த செயலிகளை வலுக்கட்டாயமாக மூடியது மட்டுமே. நினைவகத்தில் சும்மா கிடக்கும் செயலி ஏறக்குறைய மின்சாரமே எடுப்பதில்லை. மூடப்பட்டது மறுபடி முதலிலிருந்து ஏறும்போதுதான் செலவு கூடுகிறது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதலே, கைபேசி அசையாமல் கிடக்கும்போது பின்னணி வேலைகளைத் தானே ஒத்திவைக்கும் ‘டோஸ்’ என்ற ஏற்பாடு உண்டு. அதற்கு மேல் இந்தச் செயலி எனக்குத் தந்தது, நேரத்துக்கு வராத செய்தி அறிவிப்புகளைத்தான்.

நிறுவும்போது அணுகல்தன்மை அனுமதியையும், பிற செயலிகளின் மேல் தோன்றும் அனுமதியையும் கேட்டது. யோசிக்காமல் இரண்டையும் கொடுத்தது என் தவறு. முதலாவது அனுமதியைப் பெற்ற செயலியால் திரையில் தெரிவதைப் படிக்கவும், நமக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் முடியும். இரண்டாவதன் பலனாக, நான் எதைத் திறந்தாலும் அதன் மேல் விளம்பரம் வந்து நின்றது. ஒரு வாரம் கழித்து அமைப்புகளில் பேட்டரி பயன்பாட்டுப் பட்டியலைப் பார்த்தபோது, முதலிடத்தில் இருந்தது இந்தச் சேமிப்புச் செயலிதான்.

இதைவிடக் கசப்பானது பணம் போன கதை. ‘பேட்டரி சீரமைப்பு’ என்ற வசதியை மூன்று நாள் இலவசமாகத் தருவதாகச் சொன்னதை நம்பி ஒப்புதல் அளித்திருந்தேன். லித்தியம் அயனி பேட்டரி தேய்வது வேதியியல் மாற்றத்தால். அதை எந்த மென்பொருளாலும் சீர்செய்ய இயலாது என்பதைப் பிறகுதான் படித்தேன். இரண்டாம் நாளே செயலியை நீக்கிவிட்டிருந்தால்கூடத் தப்பியிருக்க மாட்டேன், ஏனெனில் செயலியை நீக்கினால் சந்தா நீங்குவதில்லை. பிளே ஸ்டோரில் நம் கணக்கின் சந்தாக்கள் பகுதிக்குள் சென்று தனியாக ரத்து செய்ய வேண்டும். இது தெரியாததால் இரண்டு மாதங்கள் கட்டணம் பிடிக்கப்பட்டது.

செயலியை நீக்கிய பின், அதே பயன்பாட்டுப் பட்டியலைப் பொறுமையாக ஆராய்ந்தேன். எந்நேரமும் இருப்பிடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு செயலியை, பயன்படுத்தும்போது மட்டும் என மாற்றியதும், திரை ஒளிர்வைக் குறைத்ததும் கண்கூடாகப் பலன் தந்தன. இருண்ட நிறத் தோற்றம் எனக்கு உதவவில்லை. என்னுடையது பின்னொளி எப்போதும் எரியும் எல்சிடி திரை, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளில்தான் கருப்பு நிறம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும். எஞ்சிய குறை, பேட்டரியையே மாற்றியபின் தீர்ந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த நிறுவனத்துக்கு மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். இதுவரை வந்த ஒரே பதில், செயலியை மீண்டும் நிறுவிப் பார்க்கும்படி சொல்கிறது.