ஐம்பது நொடியிலிருந்து அரை நொடிக்கு: ஒரு அரிசி ஆலை வலையமைப்பில் ஆறு ஆண்டுகள்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையின் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தென்னை மரங்கள் சாய்ந்து, அலுவலகத்திலிருந்து எடை மேடைக்குப் போன கேபிள் அறுந்துவிட்டது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள், இரண்டாவது பாதை ஒன்று வேண்டும் என்று முதலாளியே சொல்லிவிட்டார். 2019இல் அலுவலகம், எடை மேடை, ஆலை, கிடங்கு என நான்கு இடங்களிலும் உள்ள சுவிட்சுகளை, அதாவது கேபிள்களைச் சேர்த்துத் தகவலைப் பிரித்தனுப்பும் பெட்டிகளை, ஃபைபர் என்ற ஒளியிழைக் கேபிளால் வளையமாக இணைத்தேன். ஒரு பக்கம் அறுந்தால் தகவல் மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும், வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

2020 தை மாதம், சம்பா அறுவடை உச்சத்தில் இருந்தபோது, கிடங்கில் பெருச்சாளி கேபிளைக் கடித்துவிட்டது. எடை மேடைக்காரர் போனில் அழைத்தார். "தம்பி, வண்டி மேடையில் நிற்கிறது, திரை நகரவே மாட்டேன் என்கிறது." நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. ஆனால் ஒரு லாரியின் பார எடை பதிவாகவில்லை. அதைக் கவனிக்காமல் நெல்லை இறக்கியும் விட்டார்கள். வெற்று வண்டியின் எடை மட்டும் இருந்தால் நெல்லின் எடையை எப்படிச் சொல்வது? அன்று அந்த விவசாயியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நொடிகளை எண்ணத் தொடங்கினேன்.

வளையத்தை அப்படியே திறந்து விட்டால், எல்லாக் கருவிக்கும் போகும் பிராட்காஸ்ட் தகவல்கள் சுற்றிச் சுற்றி வந்து வலையமைப்பையே முடக்கிவிடும். அதனால் ஸ்பேனிங் ட்ரீ என்ற நெறிமுறை, வாய்க்கால் மதகைப் போல, ஒரு வழியை அடைத்து வைக்கிறது. இன்னொரு வழி அறுந்தால் அதைத் திறக்கிறது. ராடியா பெர்ல்மன் 1985இல் வடிவமைத்தது இது; 1990இல் 802.1டி என்ற தரமானது. பழைய முறையில் மதகு திறக்க நேரமாகும். பழைய தகவல் காலாவதியாக 20 நொடி, பிறகு மற்ற சுவிட்சுகளின் செய்தியைக் கேட்பதற்கு 15, எந்தக் கருவி எந்தப் பக்கம் என்று கற்பதற்கு 15. மொத்தம் 50. அறுந்த இடம் ஒரு சுவிட்சின் சொந்த போர்ட்டிலேயே, அதாவது கேபிள் செருகும் துளையிலேயே இருந்து, மாற்று வழியும் அதே சுவிட்சில் இருந்தால் 30. எங்கள் எடை மென்பொருளோ 10 நொடிக்குமேல் காத்திருக்காது.

நான் முதலில் பார்த்தது எது ரூட் சுவிட்ச், அதாவது மற்ற சுவிட்சுகள் தங்கள் வழியைக் கணக்கிடும் மையம், என்பதை. யாரும் முன்னுரிமை எண் கொடுக்காவிட்டால் எல்லா சுவிட்சுக்கும் 32768தான். ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணான மேக் முகவரி எதற்குக் குறைவோ அதுவே ரூட் ஆகிவிடும். எங்கள் ஆலையில் அது கிடங்கில் இருந்த மிகப் பழைய சுவிட்ச். அதன் விளைவாக அலுவலகத்துக்கும் எடை மேடைக்கும் இடையிலிருந்த நேர்வழி அடைக்கப்பட்டு, பக்கத்துக் கட்டடத்துக்குப் போக வேண்டிய தகவல் ஆலை, கிடங்கு என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. பெருச்சாளி கடித்தது அந்த வழியைத்தான். குறைந்த எண்ணுக்கே முதலிடம் என்பதால் அலுவலக சுவிட்சுக்கு 4096, ஆலை சுவிட்சுக்கு 8192 கொடுத்தேன். வளையம் போடும் எவரும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. நான் செய்யாமல் விட்டது என் தவறு.

அடுத்து ஆர்எஸ்டிபிக்கு, அதாவது ஸ்பேனிங் ட்ரீயின் வேகமான வடிவமாக 2001இல் வந்த 802.1டபிள்யூவுக்கு மாறினேன். இது கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருப்பதில்லை. பக்கத்து சுவிட்சோடு பேசி, ஒப்புதல் வாங்கி உடனே திறக்கும். கிடங்கிலிருந்த பழைய சுவிட்சுக்கு இது தெரியாது என்பதால் அதை மாற்றினேன். அப்படியும் ஒரு பிரிவில் 30 நொடி குறையவே இல்லை. அங்கே ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டரில் முழு டூப்ளெக்ஸை, அதாவது ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிகிற நிலையை, கையால் நிலைப்படுத்தியிருந்தார்கள். சுவிட்ச் தானியங்கி நிலையில் இருந்ததால் பேச்சுவார்த்தை நடக்காமல் அரை டூப்ளெக்ஸில் நின்றுவிட்டது. அரை டூப்ளெக்ஸ் இணைப்பை ஆர்எஸ்டிபி பலர் பகிரும் இணைப்பாக எடுத்துக்கொண்டு பழைய கடிகாரத்துக்கே திரும்பிவிடும். இரு பக்கமும் தானியங்கி ஆக்கியதும் அந்த 30 நொடி போனது.

எடை மேடை அறையில் மட்டும் ஒவ்வொரு சோதனையிலும் பிங் என்ற சோதனைச் செய்திகளில் ஆறு, ஏழு பதிலில்லாமல் விழுந்துகொண்டே இருந்தன. ஒரு மாலை அங்கே உட்கார்ந்து ஃபைபரை நானே பிடுங்கினேன். கன்வெர்ட்டரில் ஃபைபர் விளக்கு அணைந்தது. அதிலிருந்து ஒரு முழக் கேபிளில் இணைந்திருந்த சுவிட்ச் போர்ட்டின் பச்சை விளக்கு அணையவே இல்லை. ஃபைபர் அறுந்ததைக் கன்வெர்ட்டர் சுவிட்சிடம் சொல்லவே இல்லை! பக்கத்து சுவிட்சிலிருந்து 2 நொடிக்கு ஒருமுறை வரும் ஹலோ என்ற செய்தி மூன்று தடவை தவறிய பிறகுதான் சுவிட்சுக்கே சந்தேகம் வருகிறது. அதுதான் அந்த ஆறு நொடி. ஹலோவை 1 நொடியாக்கியபோது மூன்றாகக் குறைந்தது. பிறகு கன்வெர்ட்டர்களை எடுத்துவிட்டு சுவிட்சில் பொருத்தும் சிறு ஃபைபர் இணைப்பானான எஸ்எஃப்பி மாட்யூல் வழியாக ஃபைபரை நேராக சுவிட்சிலேயே செருகினேன். நொடிக்குப் பத்து பிங் அனுப்பி அளந்தால் மூன்று முதல் ஐந்துதான் விழுகின்றன. கன்வெர்ட்டரை விட முடியாதவர்கள், ஃபைபர் அறுந்தால் செம்புப் பக்கத்தையும் அணைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த வசதிக்கான சிறு விசையான டிப் சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேமராக்கள், கணினிகள் செருகிய போர்ட்டுகளை எட்ஜ் போர்ட், அதாவது அப்பால் வேறு சுவிட்ச் இல்லாத போர்ட், என்று அறிவித்ததில், ஜெனரேட்டர் மாறும்போதெல்லாம் அவை முப்பது நொடி காத்திருப்பதும் நின்றது.

நேரம் குறைந்ததில் நான் எதிர்பாராத ஒரு தொல்லையும் வந்தது. 2024 தை மாதம் எடை மேடைக்குப் போகும் ஃபைபர் மறுபடி அறுந்தது. திரை நிற்கவில்லை, யாரும் அழைக்கவில்லை. மூன்று நாள் கழித்து சுவிட்ச் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அந்த மூன்று நாளும், லாரிகள் வரிசையில் நிற்க, வளையம் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறது. கிடங்குப் பக்கமும் அறுந்திருந்தால் பழைய கதைதான். இப்போது எந்த போர்ட் விழுந்தாலும் என் கைபேசிக்குச் செய்தி வருகிறது. நள்ளிரவில் வந்தாலும் விடிந்ததும் ஃபைபர் ஒட்டுபவரை வரவழைத்துவிடுகிறேன்.