தெருவுக்குத் தார்ச்சாலையா, சிமென்ட் சாலையா?

தமிழ்நாட்டில் ஒரு தெருவுக்குப் புதுச் சாலை வருகிறது என்றால் முதலில் எழும் கேள்வி இதுதான்.

தார்ச்சாலை செலவு குறைவு. போட்ட சில மணி நேரத்தில் வண்டி விடலாம், பள்ளம் விழுந்தால் ஒட்டுப்போடலாம். தண்ணீர்தான் அதற்கு எமன். வடிகால் இல்லாத தெருவில் ஒரு ஐப்பசி மழைக்கே ஜல்லி பெயர்ந்து வரும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் இதற்கு நல்ல வழி காட்டினார்: சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துகள்களைத் தூவி, அது உருகிப் படிந்த பிறகு தார் கலப்பது. ஜல்லிக்குள் நீர் இறங்குவது குறைகிறது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்னொரு தொல்லை, பழைய சாலை மேலேயே புதிதாகப் போடுவது. சாலை உயர உயர வீடுகள் பள்ளமாகி, மழைநீர் வாசல்படி தாண்டி உள்ளே வரும். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலர் உத்தரவிட்டார். நம் தெருவில் வேலை நடக்கும்போது இதை நாம் அவசியம் கேட்க வேண்டும்.

சிமென்ட் சாலை தேங்கும் நீரைத் தாங்கும், பல ஆண்டு உழைக்கும். ஆனால் செலவு அதிகம், நாள் கணக்கில் நீர் ஊற்றிப் பதப்படுத்த வேண்டும். அப்புறம் குடிநீர்க் குழாய்க்காக உடைத்தால் பழையபடி ஒட்டாது.

தாழ்வான குறுகிய சந்துக்கு, குழாய் வேலைகள் முடிந்திருந்தால், சிமென்ட்தான் என் தேர்வு. பாதாளச் சாக்கடை இன்னும் வராத தெருவுக்குத் தாரே போதும்.