பழைய கீசர் போன இடத்தில் எது: 15 லிட்டர் ஸ்டோரேஜா, 3 லிட்டர் இன்ஸ்டன்ட்டா?

கரன்ட் பில்லை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 27 டிகிரித் தண்ணீரில் 20 லிட்டர் வாளியை 40 டிகிரிக்குக் கொண்டுவர, எதில் சூடாக்கினாலும் சுமார் 0.3 யூனிட் ஆகும். ஸ்டோரேஜில் வீணாவது, குளித்த பின் டேங்கில் மிஞ்சும் சூடு. ஒருவரே குளிக்கும் வீட்டில் அது உறைக்கும். அடுத்தடுத்து இரண்டு மூன்று பேர் குளித்தால் பொருட்டில்லை.

பார்க்க வேண்டியது ஊரும் வயரும்தான். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட், சென்னையில் நிமிடத்துக்கு 3 லிட்டருக்குச் சற்று மேல் இதமான வெந்நீர் தரும். வாளி நிறைய ஆறு நிமிடம். ஊட்டியில் 12 டிகிரித் தண்ணீர் வந்தால் அதே கீசர் ஒன்றரை லிட்டர்தான் தரும். அங்கே ஸ்டோரேஜ்தான், அதுவும் 25 லிட்டர். 2 கிலோவாட் ஸ்டோரேஜ் இழுப்பது சுமார் 9 ஆம்பியர், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் 13. பழைய 16 ஆம்பியர் சாக்கெட் தளர்ந்திருந்தால் முதலில் உருகுவது அதுதான், ஆகவே சாக்கெட்டையும் மாற்றிவிடுங்கள். வயர் 2.5 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையக் கூடாது, 4 இருந்தால் நிம்மதி. 4.5 கிலோவாட் மாடலுக்கு 20 ஆம்பியர் வேண்டும். பிளக்கில் செருகும் பேச்சே இல்லை. எதுவானாலும் எர்த்தும், மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாமல் மாட்டாதீர்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் என் ஓட்டு ஸ்டோரேஜுக்கு. அடித்தட்டைக் கழற்றி காயிலில் படிந்த உப்பைச் சுரண்டலாம், டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ராடு கரைந்துபோனால் அதையும் மாற்றலாம். பெரும்பாலான இன்ஸ்டன்ட்டுகளில் காயில் போனால் கீசரே போன மாதிரி.

மாட்டும் வேலை மட்டும் இன்ஸ்டன்ட்டில் சுலபம்: தண்ணீரோடு ஆறேழு கிலோதான். ஸ்டோரேஜ் 25 கிலோவைத் தொடும். பழைய ஓட்டைகள் புது பிராக்கெட்டுக்குப் பொருந்துவது அபூர்வம். புதிதாகத் துளைத்து ஆங்கர் போல்ட் போடுங்கள். டைல்ஸுக்குப் பின்னால் ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரண போல்ட் பிடிக்காது.

பழையதைக் கழற்ற, எம்சிபியை இறக்கி டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, குளிர்நீர் ஆங்கிள் காக்கை மூடுங்கள். இரண்டு குழாய்களையும் அவிழ்க்க வேண்டும். வெந்நீர்க் குழாய் டேங்கின் உச்சிவரை போவதால், அது வழியாகக் காற்று ஏறினால்தான் குளிர்நீர் வாய் வழியாகத் தண்ணீர் முழுதும் இறங்கும்.

புதியதில் நீல வாய் குளிர்நீருக்கு, சிவப்பு வெந்நீருக்கு. ஸ்டோரேஜோடு வரும் மல்டி ஃபங்ஷன் வால்வு நீல வாயில்தான் வர வேண்டும். சூடாகும்போது அதன் ஓட்டையில் சொட்டுவது பழுதல்ல, அழுத்தம் வெளியேறுகிறது. எம்-சீல் வைத்து அடைத்தால் டேங்க் வெடிக்கக்கூடும். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் காற்றில்லாமல் சீராக விழுந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். காலி டேங்கில் போட்டால் புதுக் காயில் அன்றைக்கே கருகிவிடும்.