பின்சக்கரம் ஆடுகிறதா? ரப்பர் புஷ்ஷா, பித்தளைப் புஷ்ஷா

பின்சக்கரம் ஆடுகிறது என்று மோட்டார் சைக்கிளைக் கராஜுக்குக் கொண்டுபோனால் அநேகமாக இரண்டு பதில்தான் வரும். கம்பனி ரப்பர் புஷ் வாங்கிப் போடுங்கள் என்பது ஒன்று (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஸ்விங் ஆம் என்ற கை, வண்டியின் சட்டத்தோடு அச்சில் பூட்டுகிற இடத்தில் இருக்கிற குழாய்த் துண்டுதான் புஷ்). அது நின்றுபிடிக்காது, கடைச்சல் பட்டறையில் பித்தளையில் கடைந்து போடுங்கள், ஆயுளுக்கும் பிரச்சினையில்லை என்பது மற்றது. வயலும் கிரவல் ரோட்டுமாக ஓடுகிற, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஆட்களுக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம். நான் முதலாவதன் பக்கம்.

ஆனால் முதலில் தேய்ந்தது புஷ்தானா என்று பாருங்கள். வண்டியை டபிள் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை விட்டுவிட்டு ஸ்விங் ஆமின் பின்முனையைப் பிடித்து இடமும் வலமும் தள்ளுங்கள். ஸ்விங் ஆம் அசையாமல், சக்கரத்தைப் பிடித்து ஆட்டும்போது அது மட்டும் ஆடினால் சக்கரத்தின் நடுவிலிருக்கிற ஹப் பெயாரிங்தான் போயிருக்கிறது. ஆமும் சேர்ந்து ஆடினால் புஷ்.

கழற்றிய பழைய புஷ்ஷை உடனே எறிந்துவிடாதீர்கள், அதைத் துடைத்துப் பார்த்தால் பாதி விசயம் விளங்கிவிடும். செயின் இழுவை இருக்கிற பக்கம் கொஞ்சம் கூடத் தேய்வது வழமைதான். ஆனால் ஒரு பக்கத்துப் புஷ் மேலேயும் மற்றப் பக்கத்துப் புஷ் கீழேயுமாகத் தேய்ந்திருந்தால் ஆம் முறுக்குப்படுகிறது. ஒரு ஷொக் அப்ஸோபர் எண்ணெய் கசிந்து செத்திருக்கலாம், இரண்டு ஷொக்கின் ஸ்பிரிங் இறுக்கமும் வேறுவேறாக இருக்கலாம், எந்நேரமும் ஒரே பக்கம் பாரம் தொங்கியிருக்கலாம், ஆமே வளைந்திருக்கலாம். அதைத் திருத்தாமல் தங்கத்தில் புஷ் போட்டாலும் திரும்பத் தேயும்.

சரி, இனி புஷ்ஷுக்கு வருவோம். ரப்பர் புஷ்ஷில் வெளியே ஒரு இரும்புக் கூடு, உள்ளே ஒரு குழாய், இரண்டோடும் ஒட்டியபடி நடுவில் ரப்பர். ஆம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுகித் திரும்புகிறதே தவிர ஒன்றன்மேல் ஒன்று உரசுவதில்லை, அதனால் மணல் போய் வேலைகாட்ட அங்கே இடமே கிடையாது. குறையும் உண்டு. நாட்பட வெடிக்கும், மண்ணெண்ணெய் அடித்துக் கழுவினால் உப்பிப்போகும், இரண்டு நெல்மூட்டை ஏற்றினால் வளைவில் பின்பக்கம் கொஞ்சம் நெளியும்.

பித்தளை நெளியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இரும்புக் குழாயின்மேல் உரசி ஓடுகிற சாமான். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் சேற்றுத் தண்ணீருக்குள்ளால் போய்வந்தால் பொடிமணல் கிரீஸோடு கலந்து மிருதுவான பித்தளைக்குள் புதைந்து, அரத்தாள் மாதிரி நின்று எதிரே இருக்கிற இரும்பைத்தான் தின்னும். கழற்றிப் பார்த்தால் பித்தளை மஞ்சளாகப் பளபளக்கும், அங்கங்கே கறுப்புப் புள்ளி மட்டும் இருக்கும். குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், படி விழுந்திருப்பது தட்டுப்படும். பித்தளையை மட்டும் புதிதாகக் கடைந்து அதே குழாயில் மாட்டினால் ஆட்டம் திரும்பி வராமல் என்ன செய்யும்?

மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் ஏ4 வீதியில் மட்டும் ஓடுகிறவர், கிரீஸ் அடிக்கிற சின்ன வாயான கிரீஸ் நிப்பிள் வைத்து, பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே தள்ளுமட்டும் தவறாமல் அடிக்கிறவர் என்றால் பித்தளை நல்ல தெரிவு. வாய்க்கால் கடக்கிறவருக்கு அது சரிவராது. (சில மொடல்களில் கம்பனியே உரசுகிற புஷ்ஷைத்தான் போடுகிறது, அவற்றுக்கும் கிரீஸ் விசயம் இதேதான்.)

மீன்பெட்டி கட்டி ஓடுகிறவர்களும் ரப்பரையே போடுங்கள். ஐஸ் கரைந்து சொட்டுகிற உப்புத்தண்ணி நேராக ஆமில்தான் விழுகிறது. ஆனால் ரப்பரிலும் ஒரு கவனம் வேண்டும், உள்குழாய் அச்சோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் பிறகு சூடுகாட்டிச் சுத்தியலால் அடித்துத்தான் எடுக்க வேண்டும். பூட்டும்போதே அச்சில் கிரீஸ் பூசிவிடுங்கள், ரப்பரில் படக்கூடாது. அப்புறம், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அச்சு நட்டைக் கடைசி இறுக்கு இறுக்க விடாதீர்கள். இரண்டு சக்கரமும் நிலத்தில் நின்று வண்டியின் பாரம் ஷொக்கில் இறங்கிய பிறகு இறுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.