ஸ்டிம்ப்மீட்டர்: வடிவமைப்பு அலுவலகத்தின் பார்வையில் ஓர் அலுமினியப் பட்டை

கோல்ஃப் மைதானம் வடிவமைக்கும் நிறுவனத்தில் ட்ரோன் இருக்கும், ஜி.பி.எஸ். அளவைக் கருவி இருக்கும், முப்பரிமாண மென்பொருளும் இருக்கும். அத்தனைக்கும் நடுவில், கிரீனைப் (குழியைச் சுற்றிப் புல்லைக் குட்டையாக வெட்டிய பரப்பு) பற்றிய வாக்குவாதங்களில் பாதியைத் தீர்த்துவைப்பது பேட்டரியோ திரையோ இல்லாத ஒரு பட்டைதான். கிரீனில் பந்து எவ்வளவு தூரம் ஓடும் என்று அளந்து அதன் வேகத்தைச் சொல்லும் அந்தப் பட்டையின் பெயர் ஸ்டிம்ப்மீட்டர். சரியான கேள்வியோடு போனால் அது ஏமாற்றாது. 'எங்கள் கிரீன் பன்னிரண்டு ஓடுது, உங்களுடையது எவ்வளவு?' என்று பெருமை பேச வாங்கினால், வாங்காமலே இருக்கலாம். மைதானங்களை ஒப்பிட்டுப் போட்டி போட இது உருவாக்கப்படவில்லை என்று இதை வெளியிடும் யு.எஸ்.ஜி.ஏ. (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) அமைப்பே சொல்கிறது.

பட்டையின் நீளம் 36 அங்குலம், அகலம் 1.75 அங்குலம். நடுவில் 145 பாகைக் கோணத்தில் 'வி' வடிவக் காடி ஓடுகிறது. பந்து காடியின் அடியைத் தொடாமல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளியில்தான் உட்காரும். அதனால் ஆடாமல் நேராக இறங்கும். தரையில் படும் முனையிலிருந்து 30 அங்குலத்தில் பந்தை வைக்க ஒரு சின்ன வெட்டு. முனையின் அடிப்பக்கம் சீவிவிடப்பட்டிருப்பதால் பந்து புல்லில் இறங்கும்போது அதிகம் துள்ளாது. பட்டையை மெல்ல உயர்த்தினால் ஏறத்தாழ 20 பாகையில் பந்து தானாக வெட்டைவிட்டுக் கிளம்பி, நொடிக்கு சுமார் 6 அடி வேகத்தில் கிரீனில் இறங்கும். கையின் பலம் எங்கும் கலக்காததுதான் இதன் சாமர்த்தியம். பந்து எத்தனை அடி ஓடி நிற்கிறதோ அதுவே கிரீனின் வேகம்.

1935-இல் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியைப் பார்த்த பிறகு எட்வர்ட் ஸ்டிம்ப்சன் மரத்தில் செய்த கருவி இது. 1976-இல் யு.எஸ்.ஜி.ஏ.வின் ஃபிராங்க் தாமஸ் அதை அலுமினியத்துக்கு மாற்றினார். 1978-இல் மைதானப் பராமரிப்பாளர்கள் கைக்கு வந்தது. அந்தக் காலத்து அட்டவணையில் உறுப்பினர்களின் அன்றாட ஆட்டத்துக்கு 6.5 அடி நடுத்தரம், 8.5 அடி வேகம். இன்று 8.5 என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அளவெடுப்பது எளிது, ஆனால் சோம்பேறித்தனத்துக்கு இடமில்லை. பத்தடிக்குப் பத்தடி சமதளம் தேடுங்கள். ஒரு டீ குச்சியை (ஆட்டத்தில் பந்தை ஏற்றி வைக்கும் சின்னக் குச்சி) ஊன்றி, பட்டையின் முனையை அதன் அருகே வையுங்கள். ஒரே ரகத்தைச் சேர்ந்த மூன்று பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக விடுங்கள். மூன்றும் 8 அங்குலத்துக்குள் நிற்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நின்றால், அவற்றின் நடுவில் இரண்டாவது குச்சியை ஊன்றி, அங்கிருந்து அதே தடத்தில் எதிர்த்திசையில் மூன்று பந்து. இரண்டு தூரத்துக்கும் சராசரிதான் விடை. போகவர இரண்டுக்கும் 18 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த இடம் சமதளமே இல்லை; வேறு இடம் பாருங்கள்.

வேறு இடமே இல்லாத கிரீன்களும் உண்டு. அங்கே வெறும் சராசரி பொய் சொல்லும். ஏற்றத்தில் 8 அடி, இறக்கத்தில் 13 அடி வந்தால் சராசரி 10.5. சரியான வழி, இரண்டையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது: 208-ஐ 21-ஆல் வகுத்தால் 9.9. அரை அடிக்கு மேல் தப்பிப் போயிருக்கும். மேடுபள்ளம் நிறைந்த கிரீனுக்கென்றே 2013-இல் இரண்டாவது வெட்டு வைத்த பட்டை வந்தது. அதில் பந்து பாதித் தூரமே ஓடும், கிடைத்ததை இரண்டால் பெருக்க வேண்டும். சின்ன இடத்தில் வசதிதான். ஆனால் டேப் பிடிப்பதில் நேரும் பிழையும் இரட்டிப்பாகும். அதனால் நல்ல சமதளம் இருக்கும்போது பழைய வெட்டையே பயன்படுத்துவது மேல்.

தப்பு நடப்பது பெரும்பாலும் கையில். பட்டையைச் சடக்கென்று தூக்கினால் பந்து உரிய கோணத்தில் கிளம்பாது. பந்து ஓடும்போது பட்டை நகர்ந்தால் திசை மாறும். காடியில் ஒட்டிய மணல், ஈரப் பந்து, காலைப் பனி எல்லாமே எண்ணைக் கீழே இழுக்கும். ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப விட்டால் புல் படிந்து எண் மேலே போகும். காற்றடிக்கும் நாளில் எடுக்கவே வேண்டாம். அலுவலகக் கோப்பில் வெறும் '10.2' என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அது யாருக்கும் பயன்படாது. தேதி, நேரம், புல் வெட்டிய உயரம், வெட்டி எத்தனை மணி நேரம் ஆயிற்று, உருளை ஓட்டினார்களா என்பதெல்லாம் அதே வரியில் இருக்க வேண்டும்.

இனி வடிவமைப்பாளருக்கு இதனால் என்ன பயன் என்று பார்ப்போம். வாடிக்கையாளர் 'பன்னிரண்டு வேண்டும்' என்கிறார். அதற்குப் பதில் புல்லில் இல்லை, சரிவில் இருக்கிறது. 3 சதவீதச் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள், நூறு அடிக்கு மூன்றடி இறக்கம். ஸ்டிம்ப்மீட்டரிலிருந்து இறங்கும் பந்தின் கணக்கைப் போட்டால், 8 வேகத்தில் இறக்கத்தில் ஏறத்தாழ 11.5 அடி, ஏற்றத்தில் 6 அடி ஓடும். 10 வேகத்தில் 16, 7. 12 வேகத்தில் 22, 8. ஏற்றத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை. இறக்கம்தான் கைமீறிப் போகிறது. சரிவு 4 சதவீதம் ஆனால் 12 வேகத்தில் இறக்கம் 31 அடியைத் தொடும். 10 வேகத்தில் 8 சதவீதத்தை நெருங்கும் சரிவில் ஓடுகிற பந்து நிற்காது. 12-இல் அந்த எல்லை 6.5 சதவீதத்துக்கு வந்துவிடும். 6.5 வேகத்திலோ அது 12 சதவீதம். பழைய கிரீன்களை வடிவமைத்தவர்கள் அத்தனை தைரியமாகச் சரிவு போட்டதன் ரகசியம் இதுதான். அவர்கள் கணக்கு தப்பவில்லை, புல்தான் குட்டையாகிவிட்டது.

அதற்காகக் கிரீனைத் தட்டையாக்கிவிட முடியாது. ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் மேல்தண்ணீர் வடியாமல் நிற்கும். ஆகவே குழி வெட்டும் இடங்களுக்கு 1.5 முதல் 3 சதவீதம் என்பது நடைமுறையில் ஒத்துவரும் எல்லை. வரைபடத்தில் இதைச் சோதிக்க மென்பொருள்கூட வேண்டாம். சமஉயரக் கோடுகள் 10 செ.மீ. இடைவெளியில் இருந்தால், 3 சதவீதச் சரிவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே 3.3 மீட்டர், 1.5 சதவீதத்தில் 6.7 மீட்டர். 1:200 அளவில் அச்சிட்ட தாளில் அது 16.7 மி.மீ., 33.3 மி.மீ. ஒரு காகிதத் துண்டில் இந்த இரண்டு குறிகளையும் போட்டு, கோடுகளுக்குச் செங்குத்தாக வைத்து நகர்த்திப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் விழும் பகுதிகளுக்கு வண்ணம் தீட்டுங்கள். குழி வைக்கத் தோதான இடம் எவ்வளவு என்று பத்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும். வேகத்தை 10-லிருந்து 12-க்கு ஏற்றினால் அதே 3 சதவீத எல்லை 2.5-க்கு இறங்குகிறது, காகிதத்தில் 16.7-க்குப் பதில் 20 மி.மீ. வண்ணம் சுருங்கிய அந்தத் தாளை வாடிக்கையாளர் முன் வைத்தால் போதும், நீண்ட விளக்கம் தேவைப்படாது.

இந்தக் காரணத்தால் ஸ்டிம்ப்மீட்டரைத் தனியாக வாங்குவது பாதி வேலை. கூடவே சதவீதம் காட்டும் டிஜிட்டல் ரசமட்டம் வேண்டும். இரண்டடி நீளம் நல்லது. நான்கடி மட்டம் சின்ன மேடுகளை விழுங்கிவிடும். வேலைக்கு முன் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் திருப்பி வைத்துப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் வித்தியாசத்தில் பாதி மட்டத்தின் பிழை. புதிய கிரீனில் புல் நடுவதற்கு முன்பே மணலின் மேல் இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். அப்போது திருத்த ஒரு மணல்வாரியும் கொஞ்ச நேரமும் போதும், நட்ட பிறகு திருத்துவதென்றால் புல்லையே உரித்தெடுக்க வேண்டும். பழைய கிரீனில் பங்கர் (மணல் பள்ளம்) ஓரங்களைக் கட்டாயம் அளந்து பாருங்கள். ஆட்டக்காரர்கள் தெறிக்கவிடும் மணல் வருடக்கணக்கில் அங்கே சேர்ந்து, வரைபடத்தில் இல்லாத மேட்டை உண்டாக்கியிருக்கும்.

வேலையோடு விளையாட்டுக்கும் இடமுண்டு. ஒருவர் கிரீனில் ஓரிடத்தைக் காட்ட, மற்றவர்கள் சரிவு எத்தனை சதவீதம் என்று பாதத்தாலேயே உணர்ந்து ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். பிறகுதான் ரசமட்டத்தைக் கீழே வைப்பது. அதிகம் தப்புபவர் பைகளைத் தூக்கலாம். மலைச்சரிவில் இருக்கும் கிரீனில் எல்லோரும் தோற்பார்கள், ஏனென்றால் சுற்றியிருக்கும் நிலத்தையே கண் சமதளமாக எடுத்துக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. மழை நாளில் அலுவலகக் கம்பளத்தில் பட்டையை வைத்து உருட்டிப் பார்ப்பதும் உண்டு. அந்த எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை, ஆனால் புதியவர் கை நடுங்காமல் தூக்கக் கற்றுக்கொள்வார்.

குறை என்று பார்த்தால், இது வேகத்தை மட்டுமே சொல்கிறது. பந்து துள்ளித் துள்ளி ஓடியதா, கோடு விலகியதா, தரை இறுகியிருக்கிறதா என்பதெல்லாம் எண்ணில் வராது. அதற்கு யு.எஸ்.ஜி.ஏ.வின் உணரி பொருத்திய ஜி.எஸ்.3 பந்து இருக்கிறது. பராமரிப்புக் குழுவுக்கு அது அவசியப்படலாம்; வடிவமைப்பு அலுவலகத்துக்குப் பட்டையும் ரசமட்டமும் டேப்பும் போதும்.

வாங்கிய பிறகு ஒரே ஒரு எச்சரிக்கை. வண்டியில் மற்ற சாமான்களோடு போட்டால் அலுமினியம் லேசாக வளைந்துவிடும், காடியில் ஒரு நசுங்கல் விழுந்தாலும் பந்து அங்கே தட்டும். இருபுறமும் மூடி போட்ட ஒரு பி.வி.சி. குழாய்க்குள், பழந்துணி சுற்றி வையுங்கள்.